வாசலில் நின்று கூப்பிட ஒரு பெயர்

1.

இந்தக் கதையை நான் ஒரு பஸ்ஸில் எடுத்தேன். திருடினேன் என்றும் சொல்லலாம். பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ். முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண், பக்கத்தில் ஒரு பெரியவர். டிக்கட் கொடுத்த கண்டக்டர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "பாப்பா பேரென்ன?" என்று கேட்டார்.

"இன்னும் வைக்கல," என்றாள் அவள்.

"வச்சாச்சு," என்றார் பெரியவர்.

இரண்டு பதிலும் ஒன்றாக வந்து விழுந்தன. அதற்குப் பிறகு பதுளை வரும்வரை இருவரும் முகம் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நானே கட்டியது. கட்டிய பிறகு அதை இறக்கி வைக்க முடியாமல் அலைகிறேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி மூடிய தேயிலை மலைகளின் நடுவே..." வேண்டாம். கதைகளில் பனி மூடாத தேயிலை மலையை நீங்கள் பார்த்ததுண்டா?

இரண்டாவது: "துஷாந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவளுடைய மாமனார் தங்கராஜா தேம்பித் தேம்பி அழுதார்." இது இருக்கட்டும். அவர் அழுததில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய ஒரே மகள் செத்துப்போன மழை இன்னும் முழுசாக ஓய்ந்திருக்கவில்லை. மகளின் பெயர் பொறுமை. அவர் ஆசையாக வைத்த பெயர்.

செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்தக் குடும்பத்தில் வழக்கம். போனவரே திரும்பி வந்ததாக நம்புவார்கள். ஆகவே பெயர் தேடும் வேலையே இல்லை. "எம்மக வந்துட்டா," என்றார் தங்கராஜா. துஷாந்தினிக்குப் பால் குடிக்கும் பிள்ளையை இழுத்து நெஞ்சோடு ஒளித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

(எரிச்சலை அடக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் குணங்களைப் பாருங்கள்: சாந்தி, அமைதி, கருணை, பொறுமை. எல்லாமே மற்றவர்களுக்கு வசதியான குணங்கள்.)

3.

பொறுமை எப்படிச் செத்தாள்? மண்சரிவில். மலையகக் கதை எழுதுகிறவர்களுக்கு மண்சரிவு பெரிய சௌகரியம். யார் மேலும் பழி போடாமல் ஆளை முடித்துவிடலாம். எழுதினேன்: "கண்மூடித் திறப்பதற்குள் மலை சரிந்து அவளை..."

அடித்துவிட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் நடக்கவில்லை. காலையிலேயே எல்லோரையும் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏறச் சொல்லிவிட்டார்கள். நிறைமாத வயிற்றோடு துஷாந்தினி, கீழ் லயத்தில் நாத்தனார் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணி, வாங்க! எல்லாரும் போயாச்சு."

"நீ போ புள்ள. அவரு டவுனுக்குப் போயிருக்காரு. வர்ற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாதுன்னாரு. வந்ததும் சொல்லிட்டு ஓடியாறேன்."

கதவு திறந்துதான் கிடந்தது. புருஷன் பூட்டிவிட்டுப் போனான் என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். பூட்டுக்குத் தேவையே இருக்கவில்லை. முன்பு ஒருமுறை சொல்லாமல் வெளியே போனதற்கு அவன் அறைந்த அறையில் பொறுமைக்குப் பல் போனது. அன்று அவள் அப்பா வீட்டுக்கு ஓடிவந்தாள். தங்கராஜா அவளுக்குச் சோறு போடச் சொன்னார். சாப்பிட்டதும் அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்தார்.

"ஓம் பேரு என்னம்மா? பேருக்கேத்த மாதிரி இரு."

சோறு போட்டவள் துஷாந்தினி. அவளும் அன்று வாயைத் திறக்கவில்லை.

பொறுமை பேருக்கேற்ற மாதிரியே இருந்தாள். மண் வந்தபோதும் இருந்தாள். டவுனில் குடித்துக்கொண்டிருந்ததால் புருஷன் பிழைத்துக்கொண்டான். எல்லோரும் அதை இயற்கையின் சீற்றம் என்றார்கள்.

4.

தங்கராஜாவைக் கெட்டவராக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. லயம் போன பிறகு கிடைத்த தகரக் கொட்டிலின் வாசலில், பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு "பொறுமை, பொறுமை" என்று முனகுகிற மனிதரை நான் என்ன செய்வேன்? அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தால், மகள் தன்னை மன்னித்துவிட்டாள் என்று அவர் நம்பியிருக்கிறார்.

பெயர் வைக்கிற நாளில், பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. இருந்த ஒரே அத்தை செத்துவிட்டாள். அவள் படத்தை வைத்துவிட்டு, தானே சொல்வதாகத் தங்கராஜா உட்கார்ந்தார்.

"மாமா, தைரியலெட்சுமின்னு வைப்போம்," என்றாள் துஷாந்தினி.

"எம்புள்ளைய நான் எங்கன்னு தேடுவேன் தாயி? கூப்புட ஒரு பேராச்சும் வேணாமா?"

அவள் புருஷன் தயாபரன் அவள் கையைப் பிடித்தான். "அப்பாவுக்காக விட்டுக்குடு. கொஞ்சம் பொறுமையா இரு." சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

அன்று அண்ணியின் வாசலில் இன்னும் ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம், கையைப் பிடித்து இழுத்திருக்கலாம் என்ற நினைப்பு துஷாந்தினியை விட்டதே இல்லை.

"காதுல சொல்ல வேண்டியது அண்ணிதானே மாமா? அவங்க உசுரோட இருந்திருந்தா, இந்தப் பேரையா சொல்லியிருப்பாங்க?"

தங்கராஜா படத்தைப் பார்த்தார். பிள்ளையின் காதருகே குனிந்தார்.

5.

ஒரு முடிவு: குனிந்தவர் விம்மிவிட்டு "தைரியலெட்சுமி" என்கிறார். எழுதி முடித்து ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டேன். பிறகு பஸ் ஞாபகம் வந்தது. அவர் "வச்சாச்சு" என்றும் அவள் "வைக்கல" என்றும் சொன்னார்களே? ஒரே கேள்வியில் மனுஷர் மாறிவிடுவது கதைகளில்தான்.

இன்னொன்று: அவர் "பொறுமை" என்று மூன்று முறை சொல்கிறார். துஷாந்தினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு...

எங்கே போவாள்? லயமே இல்லை.

ஆகவே அவர்களைப் பஸ்ஸிலேயே வைத்திருக்கிறேன். பதுளைக்குப் பிறப்பைப் பதியப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கினால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கண்டக்டர் இன்னும் சிரித்த முகத்தோடு நிற்கிறார். வெளியே மழை மறுபடி பிடித்துவிட்டது.

என்னால் இதற்கு மேல் முடியாது. இந்தக் குழந்தை வளர்வாள். வாசல் தாண்டாதே என்று சொல்ல இவளுக்கும் ஒருவன் வருவான். மலை அசையும் நாளில் அந்த வாசலில் நிற்கப்போவது நீங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, அவள் உள்ளே இருக்கிறாள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுங்கள்.