மூன்றாவது வளைவில் விழுந்த பள்ளம்

அந்தப் பந்தயத்தடம் முதலில் விமானம் இறங்கும் ஓடுபாதையாக இருந்தது. யுத்தம் முடிந்து விமானங்கள் வராமல் போகவே, பயல்கள் வைக்கோல் கட்டுகளை அடுக்கி மோட்டார் சைக்கிள் விட்டார்கள். அப்புறம் கார் வந்தது, கம்பிவேலி வந்தது, டிக்கெட் வந்தது. மூன்றாவது வளைவில் இரண்டு பேர் செத்த பிறகுதான் அதை அகலப்படுத்தும் புத்தியும் வந்தது.

அந்த வேலைக்குத்தான் ரோலர்காரனும் அவன் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். கொதிக்கும் தார்க் கலவையை அவள் இழுத்துச் சமப்படுத்துவாள். பின்னாலேயே அவன் உருட்டுவான். கல்யாணமானதிலிருந்து இதே வரிசை. அடுத்த வேலை இன்னும் தூரத்தில், ஒரு புதுத் தடம்.

"நான் வரல. எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். என் முதுகு என்ன இரும்பா?" என்று சொல்லிவிட்டாள். 'நீயும் வாடி' என்று கெஞ்ச அவனுக்கு வாய் வரவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

சூடான கலவைமேல் ரோலர் நிற்கக் கூடாது. நின்றால் உருளை அமிழ்ந்து பள்ளம் விழும். பறந்து வரும் வண்டிக்கு அந்தப் பள்ளம்தான் எமன். அது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் அன்று உச்சி வெயிலில், முன்னால் போனவள் சட்டென்று ஓரத்து மண்ணில் உட்கார்ந்தாள். அவன் ரோலரை அப்படியே நிறுத்திவிட்டுக் குதித்து ஓடினான்.

"என்னடி, மயக்கமா?"

"மயக்கமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பூட்சுக்குள்ள சுடு கல்லு விழுந்துடுச்சு. ஆமா, வண்டிய எங்கய்யா விட்ட?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "பொண்டாட்டி உக்காந்தா ரோலருமா உக்காரணும்? நாளைக்கு ரெண்டு பேரும் வெட்டி எடுத்துட்டுப் புதுசாப் போடுங்க!" கும்பலே சிரித்தது.

மறுநாள் பள்ளத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தார்கள். புதுக் கலவையை இழுத்துவிட்டபடியே அவள் கேட்டாள்.

"ஓரமா ஓட்டிட்டு வந்து நிறுத்தத் தெரியாதா?"

"தெரியும். நீ உக்காந்ததப் பாத்ததும் கை கேக்கல."

அவள் கலவையை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டாள்.

"அந்தப் புது எடத்துல தங்குறதுக்கு நல்ல ஷெட்டா?"

"தகரம்தான்" என்றான், பொய் சொல்ல வராமல்.

"ஒரு ஜன்னலாவது வைக்கச் சொல்லு. ரெண்டு பேரும் வெந்து சாக முடியாது."

அவன் ஈயென்று சிரித்துக்கொண்டு நின்றான்.

"பல்லக் காட்டினது போதும். கலவை ஆறுது, ஏறு வண்டில."