வெறும் தூக்குச்சட்டி

என் புருசன் சீவரத்தினம் பதினொரு வருசம் கப்பலில் சமைத்தவர். அறுபத்தொன்பது ஆவணியில் கரையில் வேலை தரச் சம்மதித்து இரண்டு துறைமுகங்களில் இருந்து கடிதம் வந்தது. ஒன்று இங்கிலாந்தில் ஹல். மற்றது ஸ்பானியரின் தீவொன்றில் லாஸ் பல்மாஸ். இரண்டு இடத்துக்கும் என்னையும் கூட்டிப் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் தந்தி அடிக்க வேண்டும்.

"இங்கிலாந்து எண்டால் கண்ணை மூடிக்கொண்டு போ" என்றாள் மச்சாள் பூரணம். பிள்ளை பெறப்போவது அவளா?

கலியாணமாகி ஒன்பது வருசம். இரண்டு தரம் கரு கலைந்து, மூன்றாவது இப்போது நாலு மாதமாக வயிற்றில் தங்கியிருந்தது. அங்கே அவர் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். தெரியாத ஊரில் பகலில் எனக்கு நோவெடுத்தால் ஆர் வருவார்கள்? பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

"கப்பல் பழுதுபாக்க நிண்ட மாதங்களிலை இரண்டு ஊரிலையும் இருந்தனீங்கள்தானே. சனம் எப்பிடி? ஒழுங்காச் சொல்லுங்கோ" என்றேன்.

"ஹல்லிலை ஆறு மணிக்குச் சாப்பாடு. பஸ்ஸுக்கு வரிசை. ஒருத்தர் வீட்டை போறதெண்டால் முன்கூட்டிச் சொல்லவேணும். லாஸ் பல்மாசிலை மத்தியானம் கடையைப் பூட்டிப்போட்டுப் படுப்பினம். இரவு பத்து மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவினம். பின்னேரம் கதிரையைத் தெருவிலை போட்டுக் கத்திக் கத்திக் கதைப்பினம். கேக்காமல் உள்ளுக்கை வருவினம்."

"எங்கடை சனம் மாதிரி."

"ஓம். அங்கை எதிர்வீட்டு மனிசிக்கு ஒருநாள் மீன்குழம்பு குடுத்தன். ஒன்பது நாள் சட்டியை வைச்சிருந்து, நிறையப் பொரிச்ச மீனோடை கொண்டுவந்தா. நாலு பிள்ளையளும் கூட வந்துதுகள்."

"ஹல்லிலை?"

அவர் சிரித்தார். "நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா, மிசிஸ் கார்ட்டர். பொங்கலுக்குத் தூக்குச்சட்டியிலை பொங்கல் குடுத்தன். அண்டைக்கே கழுவித் துடைச்சு, வெறுஞ்சட்டியைத் திருப்பித் தந்திட்டா."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு பிடி சீனியாவது போடாமல் ஆராவது பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார்களா? எங்கள் வல்வெட்டித்துறையில் சண்டைக்காரிகூட இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் அனுப்புவாள்.

"உந்த மனிசியின்ரை ஊருக்கு நான் வரமாட்டன். லாஸ் பல்மாசுக்கு அடியுங்கோ தந்தி!"

"சரி, சரி" என்று விலாசம் தேட ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். கடிதக் கட்டை உருவியபோது, காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று கீழே விழுந்து அவிழ்ந்தது. மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய சின்னஞ்சிறு காலுறை ஒரு சோடி. என் பெருவிரல்தான் அதற்குள் போகும்.

"இது ஆரின்ரை?"

அவர் அவசரமாக எடுத்து மறைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"மிசிஸ் கார்ட்டர் தந்தவ. அறுபத்துமூண்டிலை. நீர் முழுகாமல் இருக்கிறீர் எண்டு நான்தான் அவவுக்குச் சொன்னனான். ஒரு கிழமை இருந்து பின்னினவ. நான் ஊருக்கு வந்து இறங்கேக்கை..."

அவர் வந்து இறங்கிய நாளில் முதல் பிள்ளை இல்லாமல் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. ஆறு வருசமாக இதை என் கண்ணில் படாமல் வைத்திருக்கிறாரே, இந்த மனுசன்! எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அவ என்ன மாதிரியான ஆள்?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"கதைக்க மாட்டா. எனக்கு மூண்டு நாள் காய்ச்சல் வந்தது. நேரம் தப்பாமல் வாசலிலை சூப் இருந்துது. கதவைக்கூடத் தட்டேல்லை. இப்பவும் வருசா வருசம் கிறிஸ்மஸ் கார்ட் போடுறவ. மேல்மாடியை எப்பவெண்டாலும் எங்களுக்குத் தருவாவாம்."

காலுறையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். சத்தம் போட்டு உள்ளே வருகிறவர்கள்தான் நோவுக்கு உதவ வருவார்கள் என்று நான் நினைத்தது பிழை. இந்த மனுசி கேளாமலே வந்திருக்கிறாள், ஆறு வருசத்துக்கு முந்தியே.

"ஹல்லுக்கு அடியுங்கோ" என்றேன்.

அவர் வாயைப் பிளந்தார். "இப்பத்தானே..."

"சொன்னதைச் செய்யுங்கோ. அவவுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கோ. தூக்குச்சட்டியோடை நான் வாறன். இந்த முறையும் வெறுமனே திருப்பித் தந்தாவெண்டால் எனக்குக் கெட்ட கோவம் வருமெண்டும் எழுதுங்கோ."

அந்தக் கடைசி வரியை இங்கிலீசில் எப்படி எழுதுவது என்று அவர் அரைமணித்தியாலம் தலையைச் சொறிந்தார். நான் எழுந்து போய், இரண்டு நாளைக்குப் பிறகு முதன்முதலாக, வயிறு நிறையச் சோறு தின்றேன்.