துண்டு போட்ட இடம்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி திரும்பி நிற்பதற்குள் கலியமூர்த்தியின் துண்டு ஜன்னல் வழியாக உள்ளே விழுந்துவிடும். ஜன்னலோரம் அவருக்கு, பக்கத்து இடம் எழிலனுக்கு. சுனாமி வந்த வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம். அவருக்குக் கடலூர் கோர்ட்டில் வேலை, அவனுக்குத் தாலுகா ஆபீஸில்.

இருந்திருந்து எழிலனுக்குப் போதகராகும் ஆசை வந்துவிட்டது. அதற்கு, பைபிள் எழுதப்பட்ட பழைய கிரேக்கத்தில் பரீட்சையாம். தேறினால் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர் போய்விடுவான். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கலியமூர்த்திக்கு அவனை விட மனசில்லை. மனைவி மங்கலம் போனபிறகு வீட்டில் பேச ஆளில்லை. அவர் வாய் திறப்பதே இந்த பஸ்ஸில்தான்.

அப்படியும் பாடம் ஒப்பிக்கக் கேட்பவர் அவரேதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எழிலன் அட்டை செய்திருந்தான். முன்பக்கம் கிரேக்கச் சொல், தமிழ் எழுத்தில். பின்பக்கம் அர்த்தம்.

பரீட்சை கடலூரில்தான். அன்று காலை வண்டி புதுச்சத்திரம் தாண்டியதும் கலியமூர்த்தி அட்டைகளை எடுத்தார்.

"கொய்னோனோஸ்?"

"பங்காளி."

"வரப்புச் சண்டைக்கு வருவானே, அவனா?"

"அட போங்க மாமா! நல்லது கெட்டதுல பங்கு எடுத்துக்கிறவன்."

"சுனோதோய்போரோஸ்?"

எழிலன் நெற்றியைத் தேய்த்தான். "ஒண்ணா ஒக்காந்து சாப்புடுறவன்."

அட்டையில் 'வழித்துணை' என்று இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் போதும். நேற்றும் முந்தாநாளும் அப்படித்தான் தப்புகளைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்.

"சரியா மாமா? நீங்க சரின்னுட்டா நான் அட்டயத் திருப்பிக்கூட பாக்குறதில்ல."

அவருக்குச் சுருக்கென்றது.

"தப்பு. வழித்துணைன்னு போட்டிருக்கு. நேத்து சொன்னதுலயும் ரெண்டு மூணு தப்புடா. வா, மொதல்லேருந்து பாத்துடலாம்."

"நேத்து சரின்னீங்களே?"

"சொன்னேன். நீ போயிடுவியேன்னுதான் சொன்னேன்."

எழிலன் அவரையே பார்த்தான். பிறகு, "கேளுங்க மாமா" என்றான். முதுநகர் வரும்வரை ஒப்பித்தான். கடைசித் தடவை ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஜூன் மாதம். எழிலன் தேறிப் பெங்களூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வண்டி திரும்பியது, துண்டு விழுந்தது. கலியமூர்த்தி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"ஆள் வருதா சார்?" என்று கேட்டான் ஒரு காலேஜ் பையன்.

"வருது" என்று வாய் முந்திக்கொண்டது.

வண்டி முட்லூர் தாண்டியது. பையன் நின்றுகொண்டே வந்தான். கண்டக்டர் வந்து கை நீட்டினார்.

"கடலூர், ரெண்டு" என்றார் கலியமூர்த்தி.

கண்டக்டர் அவரைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த துண்டைப் பார்த்தார். இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.