மெகருன்னிசாவின் லாரி மூச்சு விட்ட வருடம்

2024 மே 6, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு உள்ளே, விருதுநகர் மெகருன்னிசாவின் லாரி இருபத்தெட்டு வருடங்களில் முதல் முறையாக மூச்சு விட்டது.

1996இல் புதிதாக வாங்கி முதல் லோடு ஏற்றப் போன நாளிலிருந்தே அந்த லாரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பட்டாசுக் கம்பெனியின் கேட்டைத் தாண்டியதும் அது மூச்சை அடக்கிக்கொள்ளும். இன்ஜின் ஓடும், சக்கரம் உருளும், சைலன்சர் வாயில் மட்டும் புகையோ சூடோ இருக்காது. பெட்டிகளை ஏற்ற நாற்பது நிமிடம் ஆகும். பிறகு வெளியே வந்து, வெம்பக்கோட்டை அணைக் கரை போய்ச் சேர்ந்ததும், அடக்கிய அத்தனையையும் ஒரே மூச்சாக விடும். கரையிலிருக்கும் கொக்குகள் எழுந்து எதிர்க்கரைக்குப் போய், புகை கலைந்ததும் திரும்பும். அதிகாரிகள் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். விதிப்படி சைலன்சரில் பொறி தடுக்கும் வலை மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். மற்ற லாரிகள் சோதனைக்காக வரிசையில் நிற்கும்போது மெகருன்னிசாவின் லாரி நேராக உள்ளே போகும். கணவர் சம்சு இறந்த பிறகு, பருப்புக் கடையை விற்றவர் லாரியை விற்கவில்லை. கேட்டவர்களிடம், மூச்சடக்கத் தெரிந்த வண்டி இந்த ஜில்லாவில் வேறு எது என்று திருப்பிக் கேட்டார்.

அந்தத் திங்கட்கிழமை லாரி முக்கி முக்கி இருமியது. கரும்புகை வந்தது, கூடவே வலையில் பட்டு ஒரு பொறி தெறித்து மண்ணில் அணைந்தது. ஷெட்டுகளில் திரி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியோடு வந்திருந்த மெகருன்னிசாவுக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருந்த பிரீத்திகா, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆடி பதினெட்டு கழிச்சு சீசன் லோடு ஆரம்பிக்கும்மா. அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா இந்த வண்டி இனிமே வெளியதான் நிக்கும்." பிரீத்திகா சொல்லாவிட்டாலும் மெகருன்னிசாவே அதைத்தான் சொல்லியிருப்பார்.

விருதுநகரில் பட்டறை வைத்திருந்த பாண்டிச்செல்வம் வண்டியின் மூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றுதான் போதவில்லை என்றார். இரண்டு வழி இருந்தது. ஆறு சிலிண்டரின் புகையும் முட்டி மோதும் பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு குழாய் வளைத்துப் போடுவது ஹெட்டர். வெளியே போகும் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, மறுமுனைச் சக்கரத்தால் வெளிக்காற்றை உள்ளே திணிப்பது டர்போ. பாண்டிச்செல்வம் ஹெட்டர் கட்சி. குழாய் வளைப்பதில் மதுரைக்குத் தெற்கே தனக்கு ஈடில்லை என்று நினைப்பவர், அது பெரும்பாலும் உண்மையும்கூட. "வாயில துணிய வச்சுக்கிட்டு மலை ஏறச் சொன்னா யாரு ஏறுவாக்கா? போற வழியத் தொறந்து விடுவோம்," என்றார்.

ஒன்பது நாளில் ஹெட்டர் ஏறியது. சாத்தூர் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் லாரி அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஓடியது. அதன் சத்தத்துக்கு எதிரே வந்த பஸ்கள் தாமாக ஒதுங்கின. மெகருன்னிசா அந்த ஆறு கிலோமீட்டரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு கரிசல் பொட்டலில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, அதைக் கேட் என்று வைத்துக்கொண்டு லாரியை உள்ளே விடச் சொன்னார். லாரி கோட்டைத் தாண்டியதும் மூச்சைப் பிடிக்கப் பார்த்தது. ஆறு குழாயும் அகலத் திறந்திருந்ததால் பிடி நிற்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் அரை மணி நேரம் பெருமூச்சு விட்டுக்கொண்டே நின்றது.

"ஏலே பாண்டி, உன் ஹெட்டருக்கு வண்டி கொட்டாவில்ல விடுது," என்றார் டிரைவர் அருள்பாண்டி. அன்று பாண்டிச்செல்வம் சாப்பிடவில்லை.

அருள்பாண்டி மல்லாங்கிணற்றுக்காரர். லாரிக்கு வருமுன் பன்னிரண்டு வருடம், தோட்டக் கிணறுகளில் முங்கி, மோட்டார் குழாயின் அடிவாயில் ஃபுட்வால்வு மாட்டிக் கொடுத்தவர். மெகருன்னிசா அவரிடம், தண்ணிக்குள் அவ்வளவு நேரம் எப்படி இருந்தாய் என்று கேட்டார்.

"முங்குறதுக்கு முன்னாடி எம்புட்டு இழுக்கோமோ, அம்புட்டு நேரம்க்கா. விடுற வழி பெருசா இருந்து என்ன செய்ய?"

மெகருன்னிசா பாண்டிச்செல்வத்தைக் கூப்பிட்டு, டர்போ போடச் சொன்னார். வேறு பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றவரிடம், "நீதான் போடணும். இந்த வண்டியில வேற எவன் கையும் படக் கூடாது," என்றார். பாண்டிச்செல்வம் அன்றே ஹெட்டரைக் கழற்றினார். உடைத்த வண்டி ஒன்றிலிருந்து டர்போ வாங்கிவந்து, எண்ணெய்க்குத் தனிக் குழாய் இழுத்து, டீசல் பம்பைத் திருத்தி, ஆறு வாரம் வேலை பார்த்தார். தப்பித் தவறிப் பொறி வந்தாலும் அந்தச் சக்கரம் அரைத்துப் பொடியாக்கிவிடும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவராகவே ஒப்புக்கொண்டார்.

ஜூலை கடைசியில் லாரி முதல் மூச்சை இழுத்தபோது மூன்று தெருவின் கொடித் துணிகளும் பட்டறைப் பக்கம் சாய்ந்தன. காயப்போட்டிருந்த வத்தலில் பாதி பட்டறை வாசலுக்கு வந்து சேர்ந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அவரவர் வத்தலை அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு லாரி கேட்டைத் தாண்டியது. பெட்டி கட்டுவதில் தாமதமாகி, லோடு ஏற்ற இரண்டே கால் மணி நேரம் ஆனது. இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று மெகருன்னிசா சொல்லிவிட்டார். பிரீத்திகா ஒரு வெள்ளைத் தாளைச் சைலன்சர் வாயருகே கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றார். தாள் அசையவில்லை. ஷெட்டுப் பெண்கள் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரி வெட்டப் போனார்கள்.

தீபாவளிக்குள் அந்தக் கம்பெனியிலிருந்து லாரி நாற்பத்தொரு லோடு ஏற்றியது.