பூநாரை பார்த்த நாள்

கோபிசங்கருக்கு நாற்பத்தேழு வயது. கலியாணம் பிந்தித்தான் நடந்தது. அதனால் மூத்தவள் ஆரபிக்கு இப்போதுதான் ஏழு, இளையவன் யதுசனுக்கு நாலு. இணுவிலில் வீடு, யாழ்ப்பாண நகரில் நில அளவைக் கந்தோரில் வேலை. விடுமுறைக்கு எங்கேயாவது போய்த் தங்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் இருந்ததில்லை. ஆனால் மாசி மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறை சனி, ஞாயிறோடு ஒட்டி வந்தபோது, சுண்டிக்குளம் தேசியப் பூங்காவின் ஓரத்திலுள்ள ஒரு விடுதியில் இரண்டு இரவுக்கு அறை சொல்லிவிட்டு வந்து நின்றான்.

"அங்கை என்ன இருக்கு?" என்று கேட்டாள் மனைவி தக்சாயினி.

"பூநாரை. பிள்ளையள் பாக்கவேணும்."

பூநாரைக் கதை தக்சாயினிக்குத் தெரியும். ஆறு வயதில் அவனை அவனுடைய அப்பா சுண்டிக்குளத்துக்குக் கூட்டிப்போனார். அப்பா முருகேசு காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் கிரேன் ஓட்டியவர். ஆலைக்காரர் சிலர் சேர்ந்து வாடகைக்கு வான் பிடித்து, குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு போன பயணம் அது. கடலோரக் களப்புத் தண்ணீர் நிறைய இளஞ்சிவப்பாய்ப் பறவைகள். ஒன்று கழுத்தை நிமிர்த்தினால் எல்லாம் நிமிர்த்தும். பறக்க எழும்பும்போதுதான் செட்டைக்குக் கீழே கறுப்புத் தெரியும். நாலு வருடம் கழித்து அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்தபோது படங்களும் போயின. அப்பாவோடு கழித்த நாட்களில் முழுதாக அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நாள்தான்.

வான் மருதங்கேணியைத் தாண்டும்வரை பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். கட்டைக்காட்டுக்குக் கிட்ட ஆரபி சத்தி எடுத்தாள். விடுதிக்குப் போய் இறங்கியதும் யதுசன் ஓடிப்போய்க் கக்கூசைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு தவளை இருந்தது. "நான் இதுக்கை போகமாட்டன்" என்று அறிவித்துவிட்டுப் பற்றைப்பக்கம் நடந்தான்.

விடுதியைப் பார்த்துக்கொண்டவர் கனிசியஸ், அந்தக் கரையிலேயே பிறந்தவர். சமையல் அவருடைய மனைவி மார்கிரட். குசினிக்குப் பின்னால் ஒரு கோழியும் குஞ்சுகளும் நின்றன. அதற்கு அப்பால் ஒரு சீமெந்துத் தொட்டி, அதற்கு மேலே இறுக்கிப் பூட்டமுடியாத ஒரு பைப். பிள்ளைகள் அந்த இரண்டு இடத்தையும் கண்டதோடு சரி. அறைக்குள் கட்டிலைச் சுற்றித் தொங்கிய நுளம்பு வலையையோ, யன்னலால் தெரிந்த களப்பையோ திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு விடியவே போவம்" என்றான் கோபிசங்கர்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவர்களை எழுப்பினான். யதுசன் எழும்ப மறுத்துக் கையையும் காலையும் அடித்தான். அழ அழ முகம் கழுவிவிட்டு, கனிசியஸின் ஜீப்பில் தூக்கி ஏற்றினான். வெளிச்சம் வரும்போது களப்பின் ஓரத்தில் நின்றார்கள். கூழைக்கடாக்கள் நின்றன. கொக்கு, நீர்க்காகம், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் நின்றன. பூநாரை இல்லை. இன்னும் இரண்டு இடத்துக்கு ஜீப்பை விடச் சொன்னான். அங்கேயும் இல்லை.

"இந்த முறை மழை கூட அண்ணை. தண்ணி ஆழம். அதுகள் ஆழத்திலை நிக்காதுகள்" என்றார் கனிசியஸ்.

"இன்னும் கொஞ்சம் உங்காலை போய்ப் பாப்பமே?"

நாலாவது இடத்தில் யதுசன் ஜீப்பை விட்டு இறங்கமாட்டேன் என்றான். ஆரபி மட்டும் இறங்கி வந்தாள். கோபிசங்கர் தூரநோக்கியைக் கொடுத்தான். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தன் காற்பெருவிரலைப் பார்த்தாள்.

"குருவியைப் பார் ஆரபி."

"பாத்திட்டன். அப்பா, குஞ்சுகளுக்கு மார்கிரட் அன்ரி இப்ப சாப்பாடு போடுவா. போவமே?"

"இதுக்கே உங்களைக் கூட்டிவந்தனான்? கோழிக்குஞ்சு இணுவிலிலை இல்லையே?" என்று கத்தினான். களப்பின் ஓரத்தில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

ஆரபி தூரநோக்கியைத் திருப்பி நீட்டினாள். "நீங்கள் சொன்ன குருவி வராட்டி அது என்ரை பிழையே?"

திரும்பி வரும்போது ஜீப்பில் தக்சாயினி மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

விடுதிக்கு வந்ததும் அவன் தனியாக மணல் மேட்டுக்கு ஏறினான். அங்கேதான் போனுக்குச் சிக்னல் வரும். பண்டத்தரிப்பில் இருக்கும் அக்காவுக்கு எடுத்தான். அவனிலும் ஐந்து வயது மூத்தவள், மகாதேவி. அவளும் அந்தப் பயணத்துக்குப் போனவள்.

"அக்கா, நாங்கள் அப்பாவோடை வந்தது சுண்டிக்குளத்திலை எந்தப் பக்கம்? நான் பூநாரை பாத்த இடம்?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "நீ எங்கையடா பூநாரை பாத்தனி? நீ நித்திரையெல்லோ."

"என்ன சொல்லுறீங்கள்?"

"வான் மணலுக்கை புதைஞ்சு போச்சு. எல்லாரும் இறங்கித் தள்ளிச்சினம். நீ அப்பான்ரை தோளிலை நித்திரை. ஒரு கையாலை உன்னைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை தள்ளினவர். பிறகு கரைக்கு நடந்து போனம். குருவியள் நிண்டதுகள், நான் பாத்தனான். பொடியனை எழுப்பு முருகேசு, எழுப்பு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அப்பா விடேல்லை. 'விடியப்புறம் எழும்பினவன், படுக்கட்டும். நான் அவனுக்குச் சொல்லுவன்' எண்டார்."

"சொன்னவரே?"

"வீடு வருமட்டும் சொன்னார். அதுக்குப் பிறகு ஒரு வருசம் சொன்னார். நீ சோறு தின்னாட்டி அந்தக் கதை. காய்ச்சலெண்டால் அந்தக் கதை. செட்டைக்குக் கீழை கறுப்பு எண்டு சொல்லேக்கை தன்ரை கையைத் தூக்கிக் காட்டுவார். சேட்டிலை கக்கத்துக்குக் கீழை கிரேன் கிறீஸ் பிரண்டிருக்கும். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்."

கோபிசங்கர் மணலில் இருந்துவிட்டான். அக்கா பிறகு பிள்ளைகளின் சுகம் கேட்டாள், இறால் வாங்கி வரச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றான்.

போனை வைத்த பிறகும் எழும்பவில்லை. நாற்பது வருடமாகக் கண்ணுக்குள் வைத்திருந்த பறவைகளில் ஒன்றைக்கூட அவன் கண்டதில்லை. முதலில் களவு கொடுத்தவனைப்போல இருந்தது. பிறகு அந்த இளஞ்சிவப்பும் நிமிரும் கழுத்துகளும் அப்பா வாயால் சொன்னவை என்பது மெல்ல மெல்ல உறைத்தது. அப்பாவின் குரல் நினைவில்லையே என்று எத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறான்! எத்தனை மாலைகள் வேலையால் வந்த களைப்போடு இருந்து சொல்லியிருப்பார்? அழுகை வந்தது. பார்க்க ஆளில்லாததால் அழுதான்.

இறங்கி வந்தபோது பிள்ளைகள் இருவரும் தொட்டியடியில் நின்றார்கள். ஆரபி அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர நிலத்தில் குந்தினான்.

"உன்ரை பிழை இல்லையம்மா. அப்பாதான் பிழை. அப்பாவும் அந்தக் குருவியைக் காணேல்லை."

"சின்னனிலை கண்டனீங்கள்தானே?"

"இல்லை. நான் அப்ப நித்திரையாம். பெரியத்தை இப்பதான் சொன்னவ."

ஆரபி ஒரு கணம் அவனை நம்பாமல் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "அம்மா! அப்பா நித்திரையாம்! காணவே இல்லையாம்!" என்று கத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். அங்கே மார்கிரட்டோடு இறால் உரித்துக்கொண்டிருந்த தக்சாயினி எட்டிப் பார்த்தாள். அவனுடைய முகத்தைக் கண்டு, ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தொட்டிக் கட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் வள்ளத்தில் போகலாமா என்று கனிசியஸ் கேட்டார். "அடுத்த முறை பாப்பம்" என்றான் கோபிசங்கர். அன்று முழுக்க அவர்கள் விடுதி வளவை விட்டு அரை மைல்கூடப் போகவில்லை. யதுசன் தொட்டித் தண்ணீரை இரண்டு தரம் திறந்துவிட்டு, இரண்டு தரமும் பேச்சு வாங்கினான். பிறகு மணலில் நண்டு வளைகளைத் தேடி நாலு பேரும் நடந்தார்கள்.

"அப்பா, அப்பப்பா என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டாள் ஆரபி. பறவையைப் பற்றித்தான் அவன் அவர்களுக்கு இத்தனை நாளும் சொல்லியிருந்தான். அப்பாவைப் பற்றி இல்லை.

"கிரேன் ஓட்டினவர். காங்கேசன்துறையிலை. அவ்வளவு உயரம், பனையிலும் உயரம்."

"மேலை இருந்தால் என்ன தெரியும்?" என்றான் யதுசன்.

கோபிசங்கருக்கு அது தெரியாது. அவன் அதில் ஏறியதில்லை.

"கடல் முழுக்கத் தெரியும். விடியற்காலையிலை வள்ளங்கள் வரிசையா வரும். முதலிலை புள்ளி மாதிரித்தான் இருக்கும்..." என்று தொடங்கினான்.

யதுசன் நண்டை விட்டுவிட்டு, தகப்பனின் காலில் சாய்ந்து நின்று கேட்டான்.