நாலாவது ஆள்

உத்திரமேரூர் எல்லையில் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டைப் பாஞ்சாலி சைக்கிளில் கடந்தபோது, போட்டிக்கு நேரம் பார்க்கும் வேதகிரி சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். நின்றுவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

"முப்பத்தாறு நிமிசம்! இருவது கிலோமீட்டரு! உன் காலா, மிசினாம்மா?"

ஏழு வருஷத்தில் அவள் இப்படி ஓட்டியதே இல்லை. திருப்புலிவனம் தாண்டி, ரோட்டில் வைத்திருந்த தார் டிரம்மைச் சுற்றித் திரும்பி வரும் வழியில் எதிரே அண்ணி வந்தது ஞாபகம் இருந்தது. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள் அண்ணி. பாஞ்சாலி நிமிரவில்லை.

ரயில்வே அணியில் சேர்ந்துவிட்டால் சைக்கிள் ஓட்டுவதற்கே சம்பளம். அதற்கு இந்தப் போட்டியின் சான்றிதழ் வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது. அப்புறம் மனுவை வாங்கக்கூட மாட்டார்கள். போன வருஷமும் அவள்தான் முதல். ஆனால் ஓட்டியது மூன்றே பேர். "மூணு பேரா போனா பொண்ணு பாக்கற காரியமே ஆவாது, ரேஸு ஆவுமா?" என்று போட்டி நடத்துகிறவர்கள் சிரித்தார்கள். காகிதம் கிடைக்கவில்லை. நாலு பேராவது முடித்தால்தான் போட்டி.

அதனால்தான் நாலாவது ஆளாக அண்ணி சிட்டம்மாள். பிள்ளை பெற்று ஐந்து மாதம். "நீ வரலன்னா என் பொயப்பு அவ்ளோதான் அண்ணி" என்று காலைப் பிடித்ததில், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வாடகை சைக்கிளில் ஏறிவிட்டாள்.

மதராஸிலிருந்து வந்த இரண்டு பெண்களும் வந்து சேர்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒராளு பாக்கி. எய்வத்திரண்டு நிமிசத்துக்குள்ள வரணும். இல்லன்னா பின்னாடி வர ஜீப்பு ஏத்திக்கினு வந்துரும்" என்றார் சார்.

"போன வாட்டி எம்பதுன்னீங்களே சார்?"

"மொத ஆளு எடுத்த நேரத்துக்கு ரெண்டு மடங்கும்மா. போன வாட்டி நீ நாப்பதுல வந்தே."

மிச்சம் பிடித்த நாலு நிமிஷம் அண்ணியிடமிருந்து எட்டைப் பிடுங்கியிருக்கிறது. இறங்கி ஒரு வாய் மோர் குடித்திருக்கலாம். ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கலாம்.

அண்ணன் வரதன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"டவுசரு மாட்டிக்கினு நீ ஆட்றது பத்தலியா? பாலுக்கு அய்து அய்து தூங்கிடிச்சி. எங்கடி எம் பொண்டாட்டி?"

"வந்துகினே கீறாங்க அண்ணா."

அறுபத்தொன்பதாவது நிமிஷம் புளியமரத்து வளைவில் ஜீப்பின் சிவப்புக் கொடி தெரிந்தது. அதற்கு முன்னால் சிட்டம்மாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். சங்கிலி அறுந்து மண்ணில் இழுபட்டது. ரவிக்கையின் முன்பக்கம் பாலில் ஊறிக் கறுத்திருந்தது. வளைவு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளிக்கினு வந்தாலும் செல்லும். நீ போயி தொட்டா செல்லாது. கோட்டத் தாண்டாதே" என்றார் சார்.

"அண்ணீ! எய்ந்து ஓடியா அண்ணீ!"

சிட்டம்மாளுக்குக் கேட்டது. முடியாது என்று கையை ஆட்டினாள். ஜீப் அவளருகே நின்றது. கதவு திறந்தது.

"எய்வது" என்றார் சார்.

பாஞ்சாலி திரும்பினாள். "அண்ணா, புள்ளயக் குடு."

ஏன் என்று கேட்காமல் கொடுத்தான். தூக்கத்திலேயே அதன் வாய் சப்புக்கொட்டியது. பிள்ளையைச் சுற்றியிருந்த துணிக்குள் கையை விட்டாள். கைக்குள் அடங்கும் மிருதுவான தொடை அகப்பட்டது. கிள்ளினாள்.

பிள்ளை ஒரு கணம் மூச்சைப் பிடித்து, பிறகு வீறிட்டது.

ஜீப்பின் படியில் காலை வைத்திருந்த சிட்டம்மாள் சடக்கென்று திரும்பினாள். படியிலிருந்து குதித்து, சைக்கிளை வாரியெடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவரத் தொடங்கினாள்.

"அடிப்பாவி, இன்னாடி பண்ணே?" வரதன் கையை நீட்டினான். பாஞ்சாலி விலகிக்கொண்டாள்.

பாதி தூரத்தில் புடவை தடுக்கிச் சிட்டம்மாள் முழங்கால் அடிபட விழுந்தாள். சார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்தி, விக்கிக்கொண்டே அத்தையின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. அவள் விரல்கள் துணிக்கடியில் அதே இடத்தில் இருந்தன.