குறுக்கே வைத்த கைகள்

அன்று மழை பெய்ததா என்று தெத்சுவோவுக்கு இன்றும் நிச்சயமில்லை. கறுப்புக் குடைகள் நினைவிருக்கின்றன. நனைந்த தரை நினைவில் இல்லை. அந்த நான்கு பெண்களின் கைகள் மட்டும் நினைவில் மாறவேயில்லை.

இசஹாயா ஊரின் புத்தக் கோயில் மண்டபத்தில் பிக்கு ஓதிக்கொண்டிருந்தார். உறவினர்கள் ஒவ்வொருவராகப் போய், சாம்பிராணித் தூளைக் கிள்ளித் தணலில் இட்டு, நாத்சுமேயின் படத்தை வணங்கித் திரும்பினார்கள். தெத்சுவோவின் ஒரே மகள். பதினேழு வயது. மூளையில் ரத்தக்கசிவு, மூன்றே நாள்.

பிறகு விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவர்கள் வந்தார்கள், கத்தோலிக்கப் பள்ளியின் நீலச் சீருடையில். நால்வரும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்களான தீவுக் குடும்பத்துப் பெண்கள். முதலில் வந்த சயோரி தூளைத் தொடவில்லை. கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தலைகுனிந்து நகர்ந்தாள். மற்ற மூவரும் அப்படியே.

"பாத்தியா தம்பி," அக்கா ஃபுமி காதோரம் சீறினாள். "நம்ம சாம்பிராணி அவளுகளுக்குத் தீட்டாம். அந்தப் பள்ளிக்கூடம் வேணாம்னு எவ்வளவு அடிச்சுக்கிட்டேன்."

போன வசந்தத்தில் நாத்சுமே ஞானஸ்நானத்துக்குச் சம்மதத் தாளை நீட்டியபோது, "படிப்பு முடியட்டும்" என்று மடித்து மேசைக்குள் வைத்தவர் தெத்சுவோதான். அவள் மறுபடி கேட்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாததால் அந்தப் பள்ளியில் அவள் ஒதுங்கி நின்றாளோ?

வாசலில் சயோரியை நிறுத்தினார்.

"சாம்பிராணி போடப் பிடிக்கலையாம்மா?"

"ஐயோ மாமா! உங்க மதத்துல சேராதவங்க தொடக்கூடாதுன்னு நெனச்சோம். எங்க பூசையில, ஞானஸ்நானம் எடுக்காததால அப்பம் வாங்க முடியாதவங்க இப்படித்தான் கைய வெச்சுக்கிட்டு வருவாங்க. சாமியார் தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாரு. நாத்சுமேவும் அப்படித்தான் வருவா."

"இத யார் வேணா போடலாம்மா."

"தெரியாமப் போச்சு மாமா."

"உங்க ரூம்ல அவ ஒருத்திதானா அப்படி?"

"ஆமா. 'உங்களுக்கெல்லாம் தின்னக் கெடைக்குது, எனக்குத் தலையில தடவல்தான்டி'ம்பா. அதுக்கு நஷ்டஈடுன்னு காலைச் சாப்பாட்டுல என் முட்டைச் சுருள எடுத்துக்குவா."

"கோவமா சொல்லுவாளா?"



"சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா. ஆனா... தெரியல மாமா."

சவப்பெட்டியை மூடுமுன் எல்லோரும் பூக்களை வைத்தார்கள். சயோரி தோளோரம் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள்.

"என்னடி அது?" என்றாள் ஃபுமி.

"முட்டைச் சுருள், பெரியம்மா."

ஃபுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஒரு சாமந்தியை நகர்த்தி, பொட்டலத்துக்கு இடம் விட்டாள்.

ஃபுமி இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். சயோரி சசேபோவில் நர்ஸாக இருக்கிறாள். மற்ற மூவரும் தீவுக்கே திரும்பிவிட்டார்கள். அந்தச் சம்மதத் தாள் இன்னும் மேசைக்குள்தான் இருக்கிறது. நவம்பரில் இறந்தோருக்கான பூசைக்கு தெத்சுவோ அந்தப் பள்ளிக் கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். அப்பம் வாங்கும் வரிசை நகரும்போது எழுந்து நிற்பார். தன் கைகளைப் பார்ப்பார். மறுபடி உட்கார்ந்துவிடுவார்.